முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

முதலில் பூவுக்குத் தாகம் எடுக்க வேண்டும்.
பறித்ததும் வாளியில் போடாமல்
இரண்டு மணி நேரம் மேசையில் கிடத்திவைப்போம்,
கழுத்து லேசாய்த் தொங்கும்வரை.
இரக்கம் பார்த்தால் சாயம் ஏறாது என்பார் முதலாளி.

கண்டபொலையில் அன்று பின்னேரமே மூடுபனி.
தகரக் கொட்டிலுக்குள் நானும் சகாயமேரியும்
முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளைக் கார்னேசன்களும்.
சுவரில் ஊசி குத்தி ஒரு துண்டுத் துணி:
கொழும்பில் யாரோ மணப்பெண்
சேலைக் கரையிலிருந்து கத்தரித்து அனுப்பியது.
அந்த நீலம்தான் வேண்டுமாம்.
கடலும் இல்லை, பேனை மையும் இல்லை.
காஸ் அடுப்பைக் குறைத்துவைத்தால் தெரியுமே,
அது என்றாள் சகாயமேரி.

கொதித்து ஆறி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர்.
லீட்டருக்கு இரண்டு கரண்டி சீனி,
அரைத் தேசிக்காய்,
தண்ணீர் நாறாமல் இருக்க ஒரு சொட்டுக் குளோரின்.
பிறகு தூள்.
சீனி டப்பாவில் முதலாளி
பேனையால் கோடு போட்டுவைத்திருக்கிறார்,
எங்கள் தேத்தண்ணிக்குள் அது இறங்கிவிடுமென்று.
நாங்கள் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு
வெறுந்தேத்தண்ணி குடித்தோம்.

அடி இலைகளை உருவ வேண்டும்.
தண்டைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து வெட்ட வேண்டும்.
காற்றுப் படவே கூடாது.
இருநூறு தாண்டியிருக்கும், போன் அடித்தது.
லோன்காரன்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே அவனை இடுக்கிக்கொண்டு
வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்றேன்.
கை அதன் பாட்டில் வெட்டிக்கொண்டே இருந்தது.

ராத்திரி பதினொன்றுக்கு டோர்ச் அடித்துப் பார்த்தோம்.
இதழின் ஓரத்தில்தான் முதலில் தெரியும்,
நகக்கண்ணில் அழுக்குப் போல.
பிறகு நரம்பு நரம்பாய்.
எங்கள் விரல்களுக்குத் தாகமே இல்லை,
அவைதான் முதலில் நீலமாகியிருந்தன.

விடிந்தது.
முந்நூற்றுப் பதினொன்று நீலம்.
நடு வாளியில் ஒன்று மட்டும் வெள்ளை.
"பாரடி, ஒருத்தி சம்மதிக்கல்ல! ரோசக்காரி!"
சகாயமேரி போனை எடுத்துப் படம் பிடித்தாள்.
பெருமையாய் இருந்தது அவளுக்கு,
தானே மாட்டேன் என்று சொன்ன மாதிரி.

நான் ஒன்றும் பேசவில்லை.
ரோசமெல்லாம் இல்லை.
அந்த ஒன்றை நான் காற்றில் வெட்டியிருக்கிறேன்.
தண்டுக்குள் காற்றுக்குமிழி போய் அடைத்துக்கொண்டது.
கழுத்தளவு தண்ணீரில் நின்று
ராத்திரி முழுக்க அது குடிக்க முடியாமல் கிடந்திருக்கிறது.
தொட்டுப் பார்த்தேன்,
இதழ் காகிதமாகத் தொடங்கியிருந்தது.

தண்ணீருக்குள் பிடித்து மூன்று விரற்கடை வெட்டினேன்.

மற்றதெல்லாம் ஈரப் பத்திரிகையில் சுற்றி
வானில் ஏற்றி முடிக்கையில்
ஒரு பக்கம் மட்டும் நீலம் எட்டிப் பார்த்தது.
துணியோடு வைத்துப் பார்த்தார் முதலாளி.
நிறமும் சரியில்லை, நீளமும் போதாது.
வேண்டுமென்றால் கொண்டு போ என்றார்.

ராகலை பஸ்ஸில் கொண்டக்டர்
மிச்சக் காசைத் தர மறந்து அதையே பார்த்தார்.
சிங்களத்தில் கேட்டார்:
இந்த நிறத்திலும் பூ வருதா, நங்கி?
வருது என்றேன். ஒரு ராத்திரி பிடிக்கும்.

லயத்தில் எங்கள் பைப்பில் ஆறு மணிவரைதான் தண்ணீர்.
பிடித்துவைத்திருந்த குடத்திலிருந்து
ஜேம் போத்தலில் ஊற்றினேன்.
எங்கள் சீனி டப்பாவில் கோடு இல்லை.
சீனியும் அதிகம் இல்லை.
அரைக் கரண்டி போட்டேன்.

பக்கத்திலேயே பழுத்த வாழைச்சீப்பை வைத்திருந்தார் அவர்.
பழத்தின் மூச்சுப் பட்டால் பூ வாடிவிடும்.
எடுத்து அடுப்படிக்கு மாற்றினேன்.

"பூவுக்குப் பயந்து பழத்தை ஒளிக்கிறியா?"

ஆமாம் என்றேன்.
நாளை மறுநாள் தண்டை இன்னொரு தரம் வெட்டினால்
வெள்ளிக்கிழமைவரை தாங்கும்.