நூறு மீட்டர்

கலாமாவிலிருந்து இக்கிக்கேவுக்கு
இரவுப் பேருந்து ஓட்டுகிறேன்.
பதினோரு வருடத்தில் மழையை
மூன்று முறை பார்த்திருக்கிறேன்.
அதில் ஒன்று மழையே இல்லை,
தண்ணீர் லாரியின் குழாய் வெடித்தது.

டாக்டர் ஒப்ராதோவிச்சின் அறையில்
கடைசி வரிசைவரை படித்தேன்.
பொடி எழுத்து. ஒன்றுகூடத் தப்பவில்லை.
"கழுகுக் கண், யாஸ்னா" என்றார்.
இமைத்து இமைத்துப் படித்ததை
அவர் குறித்துக்கொள்ளவில்லை.

அந்த அட்டை நகராது டாக்டர்.
அதன் பின்னாலிருந்து
உப்பு ஏற்றிய லாரி வராது.

உதவியாளர் நெலிதாதான்
மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு
நீல விளக்கைக் கிட்டே கொண்டுவந்தாள்.
"இமைக்காதீங்க."
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கில் நிறுத்திவிட்டாள்.
கண்ணீர்ப் படலம் கிழிகிறதாம்,
பாலாடையில் ஓட்டை விழுவதுபோல.

வெளியே வந்து கணக்குப் போட்டேன்.
மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் என்றால்
வினாடிக்கு இருபத்தைந்து மீட்டர்.
நாலு வினாடிக்கு நூறு.
அவ்வளவுதான் என் உலகம்.

இமைத்ததும்
கழுவிவைத்த தட்டுபோல வருகிறது சாலை:
வெள்ளைக் கோடு, எதிர் வண்டியின் இரண்டு விளக்கு,
பலகையில் எட்டு.
பிறகு எட்டு மூன்றாகிறது.
விளக்குக்கு முள் முளைக்கிறது.
இரண்டு நான்காகி, நான்கும் சேர்ந்து
உடைந்த முட்டை மாதிரி
கண்ணாடியெங்கும் வழிகிறது.
நூறு மீட்டர் தீர்ந்தது.
இமை.

கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிட்டது என்பார்கள்
விபத்துக்குப் பிறகு எல்லோரும்.
எனக்கோ அந்த நேரத்தால்தான்
இதுவரை எதுவும் நடக்கவில்லை.

மூன்று மணிக்கு வேறொரு கூத்து.
காய்ந்து காய்ந்து, எரிச்சல் தாங்காமல்
பொலபொலவென்று கொட்டும்.
கொட்டுவது வெறும் தண்ணீர். பசையில்லை.
கண்ணில் நிற்காமல் கன்னத்துக்கு ஓடிவிடும்.
முன் இருக்கைச் சுரங்கத் தொழிலாளி
வெகுநேரம் தயங்கிக் கேட்டார்:
"வீட்டில் ஏதாவது...?"
"வறட்சி" என்றேன்.
அவர் என்ன புரிந்துகொண்டாரோ,
தன் மனைவி விட்டுப் போனதைச்
சொல்ல ஆரம்பித்தார், கியாகுவா வரைக்கும்.
அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

இப்போது எழுபதில் ஓட்டுகிறேன்.
முகத்தில் அடிக்கும் ஹீட்டரை
காலுக்குத் திருப்பிவிட்டேன்.
நாற்பது நிமிடம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
'காற்று' என்று எழுதிக்கொடுக்கிறேன்.
அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.
மார்ச்சில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும்.
அங்கேயும் அதே அட்டைதான் தொங்குகிறது.

தாகத்தில் செத்த ஒருத்திக்காக
சாலையோரம் ஒரு சின்னக் கூண்டு கட்டி
போகிற வருகிறவர்கள்
தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போவார்கள்.
அங்கே நிறுத்தினேன்.
தலையை அண்ணாந்து மருந்து விட்டேன்.
முதல் சொட்டு மூக்கில் விழுந்தது,
இரண்டாவது கண்ணில்.
முகப்பு வெளிச்சத்தில் பாட்டில்கள்
ஒவ்வொன்றும் தனித்தனியாக,
மூடியின் வரிகள்கூட.
எண்ணினேன்.
பதினேழாவதுக்கு வரும்போது
பதினாறாவது கரைந்துகொண்டிருந்தது.

"கிளம்பலாமா?" என்று
பின்னாலிருந்து ஒரு குரல்.