மீட்டுப் பார்த்தல்

ரெஜைனாவில் மைனஸ் முப்பத்தொன்று.
சர்வர் அறையில் மட்டும் எனக்கு வேர்க்கிறது.

ஓர் இரும்புப் பெட்டிக்குள் பதினொரு கணினிகள்.
ஒன்றுக்கும் உடம்பில்லை;
பக்கத்தில் இன்னொன்று இருப்பதும் தெரியாது.

இரவு இரண்டுக்கு எல்லாம் நகலாகிவிடும்.
'பேக்கப் இருக்கு' என்று சொல்வது சுலபம்.
மீட்டுப் பார்க்காத நகல்
சீட்டுக்காரரிடம் கட்டிய காசு.

ஆகவே அக்டோபரை எழுப்பினேன்,
வலையில் சேர்க்காமல், தனியாக.
நான்காம் எண் கண் விழித்து
இன்று பதினேழு, வெள்ளி என்றது.
பயனர் பட்டியலில் விமலேந்திரன்,
பச்சைப் புள்ளியோடு.

நவம்பரில் அந்தக் கணக்கை மூடியவன் நான்.
மேலிடத்திலிருந்து ஒரு வரி மின்னஞ்சல்;
மேசையில் அவன் கோப்பி ஆறியிருக்கவில்லை.

சோதனை வெற்றி என்று பதிந்தேன்.
அழிக்கப் போன விரல்
சற்றே நின்றது.
அங்கே அவனுக்கு இன்னும்
எட்டு நாள் லீவு பாக்கி.