டைம் கீப்பர்

தொண்ணூற்றாறில் ஓடுகிறது பாட்டு.
திரை முழுக்கச் செங்குத்துக் கோடுகள்,
கோட்டுக்கு ஒரு க்ளிக்.
மேலே அஸ்கரின் கீபோர்டு,
நடுவில் மெர்லின்,
கீழே சவரிராயனின் பெயிண்ட் வாளி.

அஸ்கர் பதிந்தது ஷார்ஜா ரோலாவில், கார்கோ பெட்டிகளுக்கு நடுவே.
மெர்லின் அஜ்மானில், கிளினிக்கின் துணியறையில்,
வாஷிங் மெஷின் நின்ற பன்னிரண்டு நிமிடத்துக்குள்.
வாளி இதே சஜா கேம்ப்பில்,
இருநூற்றுப் பதினாலாம் அறையில்,
நாலு பேர் தூங்கும்போது
துண்டு போட்டு மூடி அடித்தது.

எதற்குப் பாட்டு என்றால் சிரிப்பீர்கள்.
அஸ்கர் மச்சானின் ஜூஸ் கடைத் திறப்புக்கு.
கூலி, ஆளுக்கு ஒரு அவகாடோ.

அஸ்கர் சுத்தம். கோட்டின் மேலேயே விழுகிறான்.
மெர்லின் மூச்செடுத்ததும் கொஞ்சம் முந்துகிறாள்;
வெட்டி, இழுத்து, ஒட்டினேன்.
ஒரு 'ந'வில் பிசிறு தெரிகிறது,
மிக்ஸி சத்தத்தில் போய்விடும்.

வாளிதான்.
ஒவ்வோர் அடியும் கோட்டைத் தாண்டி விழுகிறது.
நாற்பது மில்லிசெகண்டு, சில இடத்தில் முப்பத்தெட்டு.
ஓர் இமைப்புக்குள் மூன்று முறை வந்துபோகலாம்.

எனக்குப் பழகின வேலை இது.
கம்பெனியில் நான் டைம் கீப்பர்.
அங்கேயும் திரை, அங்கேயும் கட்டம்,
விரல் வைத்த நிமிடம் கட்டத்துக்குள்.
நாலு முப்பதைத் தாண்டி ஒரு நிமிடமானால்
அரைமணிக் கூலி கழியும்.
சவரிராயன், ஷட்டரிங் கார்பெண்டர், எண் 7716,
இந்த மாதம் ஒன்பது தடவை நாலு முப்பத்தொன்று.
நான்தான் கழித்தேன்.
அவன் கேட்கவில்லை.
வாளியை அனுப்பும்போதுகூட
'சரியா இருக்கா பாருங்கண்ணே', அவ்வளவுதான்.

எல்லா அடியையும் பிடித்துக் கோட்டில் ஒட்டு என்றேன்.
இரண்டு நொடி.
கேம்ப் பாஸ் தலை எண்ணும்போது நிற்கிற மாதிரி
நின்றன.
ஓட்டிக் கேட்டேன். குற்றமில்லை.
மெர்லின்தான்
எங்கே உட்கார்வதென்று தெரியாமல்
பாட்டு முழுக்க நின்றுகொண்டே பாடினாள்.

பழையபடி ஆக்கினேன்.
மெனுவின் அடியில் இன்னொரு வழி உண்டு.
ஆளைக் கோட்டுக்கு இழுக்காமல்
கோட்டை ஆளிடம் நகர்த்துவது.
அழுத்தினேன்.
தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்து புள்ளி எட்டு,
தொண்ணூற்றாறு புள்ளி ஒன்று.
பழைய சாரம் மாதிரி
கோணல்மாணலாய், ஆனால் ஏறலாம் என்று
நிற்கின்றன கோடுகள்.

இப்போது முந்திக்கொண்டிருப்பது அஸ்கர்.
சுத்தமான அஸ்கர்!
ஒவ்வொரு சுரமாக அவனைப் பின்னுக்குத் தள்ளினேன்.

முப்பத்திரண்டாம் பாரில் யாரோ இருமுகிறார்கள்.
வாளி அரை அடி காத்திருக்கிறது,
அவர் புரண்டு படுக்கும்வரை.
அந்த இடத்தில் கோடுகள் அகன்று கிடக்கின்றன.
மெர்லினையும் காக்கவைத்தேன்.
இருமலை அழிக்கவில்லை.

கீழே பஸ் உறுமுகிறது.
கேட்டில் விரல் மெஷின், பச்சை விளக்கோடு.
ஊர் நேரத்தைவிட ஒன்றரை நிமிடம் முந்தி ஓடுகிறது அது.
மார்ச்சிலிருந்தே தெரியும் எனக்கு.
தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டால் போதும்.
போடவில்லை.
ஏனென்றால், என்று ஆரம்பித்தால்
அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

வரிசையில் சவரிராயன், ஹெல்மெட்டுக்குள் டிஃபன்.
விரல் வைக்கிறான். 04:31.
என் போனில் நாலு இருபத்தொன்பதரை.

'சரியா இருந்துச்சாண்ணே?'
'உன்னை ஒண்ணும் பண்ணல' என்றேன்.
'அஸ்கரைத்தான் கொஞ்சம் நகர்த்தினேன்.'
சிரித்துக்கொண்டே ஏறிவிட்டான்.

புது மெயில் திறந்து வைத்திருக்கிறேன்.
தலைப்புக் கட்டம் காலி.
கர்சர் துடிக்கிறது.
எண்ணிப் பார்த்தேன்,
நிமிடத்துக்கு ஐம்பத்தாறு.