நாலு தாள் குறைகிறது

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ரேடியோ சொன்னது:
இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து
இனிச் செல்லாது. மாற்றித் தரப்படாது.
அதற்குப் பிறகு ஒரு பாட்டுப் போட்டார்கள்.

மோல்மீன் மழை அதற்கும் நிற்கவில்லை.

சபையின் பொருளாளர் நான்.
பத்தொன்பது வருஷத்தில் ஒரு பியா பிசகியதில்லை.
கூரை நிதி என் கட்டிலுக்கடியில்
பிஸ்கட் டின்னில் இருக்கிறது. இருந்தது.
எந்தச் சொல் சரி என்று தெரியவில்லை.

காணிக்கைப் பையில் விழுவதெல்லாம் ஒற்றைத் தாள்.
துறைமுகத்துக் கைகளின் வேர்வை,
செல்லத்தாயின் மீன்செதில் ஒட்டியது,
பிள்ளைகள் பிரசங்க நேரத்தில் மடித்து மடித்துப்
படகாகிப்போனது.
அத்தனையையும் மாதாமாதம் பஜாருக்குக் கொண்டுபோய்
எழுபத்தைந்தாக மாற்றி வந்தவன் நான்தான்.
சில்லறை கரையும், பெரிய நோட்டுத் தங்கும் என்று
கமிட்டியில் விளக்கமும் சொன்னேன்.
எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஜூனில் மார்த்தாள் வந்தாள்.
ஆரோனைக் காசநோய் கொண்டுபோய்
நாற்பது நாள்கூட ஆகவில்லை.
சீனர் கடையில் பழைய தையல் மிஷின், முந்நூறு கியாத்,
ஒரு வாரம் பொறுப்பாராம்.
மென்மையாகத்தான் சொன்னேன்:
"இது கர்த்தருடைய பணம் அம்மா.
நான் வெறும் காவல்காரன்."
குடையை விரித்துக்கொண்டு போனாள்.
கம்பி ஒன்று ஒடிந்த குடை.

இப்போது செத்த பணத்தை எண்ணுகிறேன்.
எதற்கு என்று கேட்காதீர்கள்;
குளிப்பாட்டாமலா புதைப்பது?
அறுபத்தைந்து தாள் இருக்க வேண்டும்.
அறுபத்தொன்று.
மறுபடி, எச்சில் தொட்டு. அறுபத்தொன்று.
மூன்றாம் முறை, விளக்கை அருகில் இழுத்து.

"நாலு குறையும்" என்றாள் அடுக்களையிலிருந்து சலோமி,
வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.
"ஜூனிலேயே எடுத்தேன்.
நீங்கள் வேதபாட வகுப்புக்குப் போயிருந்தீர்கள்."

முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக
என் மனைவியைக் கள்ளி என்றேன்.
ஆமாம் என்றாள்.
உப்பு ஜாடியைத் தூக்கிவந்து
மேசைமேல் கவிழ்த்தாள்.
கல்லுப்போடு ஒற்றைத் தாள்கள், ஈரமாய்.
மார்த்தாள் மாதம் பத்தாகக் கொடுத்தது.
மூன்று மாதம். முப்பது. எல்லாம் செல்லும்.

இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாளை ஆராதனை.
ஒழுகும் இடங்களில் வழக்கம்போல் ஏழு வாளி வைக்க வேண்டும்.
இவள் செய்தது திருட்டுதான்;
மூப்பர்களிடம் சொல்லத்தான் வேண்டும்.
சொன்னால், புதைத்தவனைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.
அந்த உவமையை எத்தனை முறை வாசித்திருப்பேன்!
எஜமான் திரும்பி வருவார் என்றுதான் பயந்தேன்.
மண்ணுக்குள் இருக்கும்போதே
தாலந்து செல்லாமல் போகும் என்று
அதில் எழுதியிருக்கவில்லை.

கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன்.
நஷ்டம், நாலாயிரத்து ஐந்நூற்று எழுபத்தைந்து.
அங்கேயே பேனா வெகுநேரம் நின்றது; மை ஊறியது.
பிறகு எழுதினேன்:
கையிருப்பு, முப்பது.
வரவேண்டியது, இருநூற்று எழுபது.
அதற்கும் கீழே, கணக்கில் எழுதக் கூடாததைப் பென்சிலால்:
ஒரு மிஷின். ஓடுகிறது.

சலோமி உப்பை மட்டும்
திரும்ப ஜாடிக்குள் அள்ளிக்கொண்டு போனாள்.
குழம்புக்கு வேண்டுமாம்.