இடுப்பளவு

படகின் மூக்கில் தெலுங்கு எழுத்து.
எழுத்துக்கூட்டி 'இரக்கம்' என்றார் பரந்தாமன்.
'இருக்கம்' என்று திருத்தினார் சங்கையா.
என் காதில் விழுந்தது இறுக்கம்.
வீட்டுக் கடனின் கடைசித் தவணை கட்டிய வாரம் அது.
மூன்று சொல்லுக்கும் நடுவே
டீசல் புகையோடு போய்க்கொண்டிருந்தது படகு.

மே மாதம். பூநாரைகள் எப்போதோ போயிருந்தன.
"பாக்க ஒண்ணுமில்லியே, எதுக்கு வந்தீங்க"
என்றாள் முனிரத்தினத்தின் மனைவி,
எங்களுக்கான பாயை உதறியபடி.
அதற்குத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பரந்தாமன் முதல் நாள் முழுக்கக்
கைப்பேசியை நான்கு திசைக்கும் தூக்கிக் காட்டினார்,
கற்பூரத் தட்டு போல.
மாலையில் பனியனுக்குள் சுருட்டிப்
பையின் அடியில் வைத்தார்.
நான் தூங்கினேன்.
எழுந்து, இறால் தொக்கில் சோறு பிசைந்து தின்று,
மறுபடி தூங்கினேன்.
இருபத்தாறு வருடத்தில்
குக்கர் விசிலை எண்ணாத பகல் இது ஒன்றுதான்.
ஒருவேளை பிரசவத்துக்குப் போனபோது இன்னொன்று.

எதிர்க்கரையில் ராக்கெட் விடுகிறார்கள்.
விடும்போது கூரை ஓடு கொஞ்சம் நகருமாம்.
சரி செய்துவிட்டுப் படுத்துக்கொள்வார்களாம்.
"மேல எவ்ளோ நாள் சுத்தும்?" என்று கேட்டேன்.
முனிரத்தினம் வலையிலிருந்து தலை தூக்கவில்லை.
"பெட்ரோல் இருக்கற வரைக்கும்."

இரண்டாம் இரவு கரண்ட் இல்லை.
ஏரியில் காலை விட்டபடி அவர் சொன்னார்:
"வீட்ட வாடகைக்கு விட்டா பதினோராயிரம் வரும்.
ஸ்ரீசிட்டி கம்பெனிப் பசங்க நாலு பேர் எடுத்துப்பாங்க."
விட்டுட்டு?
"போய்க்கிட்டே இருக்கலாம்."

இவரா.
திருப்பதிக்குப் போனால்
லட்டின் சூடு ஆறுவதற்குள் வீடு திரும்பும் மனிதர்.

இறால் எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினோம்.
டார்ச் என் பல்லிடுக்கில்.
ஊருக்கு ஒரு மாதம்.
அறை நாலாயிரத்துக்கு மேல் கூடாது.
ஸ்லீப்பர்தான், ஆனால் கீழ் பெர்த், என் முட்டிக்காக.
முதலில் கோதாவரிக் கரையில் எங்காவது,
பிறகு ஒடிசா,
பிறகு மழையைப் பார்த்துச் சொல்லலாம்.
தைராய்டு மாத்திரை மூன்று மாதத்துக்கு மொத்தமாக.
'பெரியவள் கேட்டால்' என்று அவர் எழுதினார்.
நான் அடித்தேன்.
'பூனை' என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதத் தெரியாமல்
இருவரும் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும் காலை,
இரண்டு கரையும் தெரியாத இடத்தில்
எஞ்சின் இருமி நின்றது. அடியில் சேறு தட்டியிருந்தது.
"திகண்டி" என்றார் சங்கையா.
நடு ஏரியில் இறங்குவதா?
வரும்போது பலகையைப் பிடித்த பிடியில்
நகம் ஒன்று உடைந்தது எனக்கு.
நீச்சல் தெரியாதவர்கள் நாங்கள் இருவரும்.
அவர் முதலில் குதித்தார்.
தொடை வரை வந்து நின்றது தண்ணீர்.
வாயிலிருந்த பீடி அணையவில்லை.

இறங்கினோம்.
எனக்கு இடுப்பளவு.
மூன்று நாளாய் நான் கடல் என்று
பயந்து பயந்து பார்த்தது.
காலடியில் சேறு வெதுவெதுவென்று, குழைந்த சோறு மாதிரி.
சுற்றிலும் வெள்ளை வெளிச்சம்,
அதற்குள் மூன்று தலை, ஒரு படகு.
பரந்தாமன் ஒரு கையால் தள்ளினார்.
இன்னொரு கை சட்டைப்பையைப் பொத்தியிருந்தது,
உள்ளே எடைச்சீட்டு.

படகு மிதந்துவிட்டது. "ராண்டி, ராண்டி" என்கிறார் சங்கையா.
நாங்கள் ஏறாமல் நிற்கிறோம்.
புடவை நீரில் விரிந்து தன்பாட்டுக்கு
எங்கோ போகப் பார்க்கிறது.
"கரை எந்தப் பக்கம்?" என்றேன்.
பரந்தாமன் அதைக் காதில் வாங்கவே இல்லை.
தொண்டையைச் செருமிக்கொண்டு,
பெண் கேட்டு வந்த வீட்டில் பேசுவது போல,
"ஏங்க, உங்க வீட்ல
பூனை வளப்பீங்களா?" என்றார் சங்கையாவிடம்.