ஆள் வாழாத அறை

பள்ளத்தூர். பாகப்பிரிவினை வழக்கு.
டேப்பின் ஒரு முனை என் கையில்.
மறுமுனையைப் பிடிக்க முன்வந்தவர்
பதினொன்றாம் பிரதிவாதி பெரியணன்,
வயது எண்பத்தாறு, முன்னாள் தூதர்.
ஒன்பது வருஷம் ஹேக் நகரில்
நாடுகளுக்கு நடுவே உட்கார்ந்தவர்.
போன மாதம் தேவகோட்டைக் கோர்ட்டில்
டவாலி மூன்றுதரம் கூவியபோது
கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்கினார்.

நான் வழக்கறிஞர் ஆணையர்,
கறுப்பு அங்கிக்கு இரண்டு வயது.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு
என்று அளந்துகொண்டே போனேன்.
தூண்கள் முப்பத்திரண்டு,
ஒன்றில் விரல் நீளக் கீறல்.
"கீறலையும் எழுதுங்கள், அம்மா.
பின்னால் அதற்காகவே
யாராவது சண்டைக்கு வருவார்கள்."

வளவைச் சுற்றிப் பத்து அறை.
வடகிழக்கு மூலையில் அவருடையது.
எட்டடிக்குப் பத்தடி, ஜன்னல் கிடையாது,
ஐம்பத்தொரு வருஷமாய்ப் பூட்டு.
வாதி கதிரேசன், பங்காளி வகையில் பேரன்முறை,
வீட்டை ஹோட்டலாக்கப் போகிறவர்,
மனுவில் சொல்கிறார்:
ஆள் வாழாத அறைக்கு
வளவில் உரிமை இல்லை.

வாசித்துக் காட்டினேன்.
பெரியவர் தூணைப் பிடித்துக்கொண்டு
இருமல் வரும்வரை சிரித்தார்.
"இதை எழுதியவனே நான்தான்."

இரண்டு தீவு நாடுகள், இடையே ஒரு பாறை.
ஓதம் ஏறினால் மாட்டுவண்டி அளவுதான் மிஞ்சும்.
ஒரு நாடு அதில் விளக்கு நட்டு
இரண்டு போலீஸ்காரர்களை ஏற்றி
தண்ணீர் டின்களோடு விட்டுவைத்தது,
பாறையைத் தீவு என்று காட்ட.
தீவென்றால் இருநூறு மைல் கடல்.
பாறையென்றால் பன்னிரண்டு.
எண்பத்துநாலு பக்கம் எழுதினார்:
மனிதர் வாழ இயலாத பாறைக்குப்
பெருங்கடல் இல்லை.
ஒன்பது பேர் ஒப்பினார்கள், நாலு பேர் மறுத்தார்கள்.
"அந்தப் போலீஸ்காரர்கள்?"
"இரண்டாம் பக்கத்தில் வருவார்கள்.
பெயர் கேட்டுக்கொள்ளவில்லை."

பூட்டுக்காரர் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.
சாவி பாதி திரும்பி நின்றது.

அறுபத்துநாலில் ரங்கூன். மூன்றாம் செயலாளர்.
விட்டுப்போகிறவர்கள் விட்டுப்போவதை
ஐந்து பிரதியில் தட்டச்ச வேண்டிய வேலை.
வரிசையில் ஒருநாள் சொந்தச் சிற்றப்பா,
தாட்டோன் பக்கம் நானூற்றெட்டு ஏக்கர் வயலும்
உடுத்திய வேட்டியுமாக.
எழுந்து மேலதிகாரியிடம் போனார்:
உறவினர், நான் விலகிக்கொள்கிறேன்,
வேறொருவர் எழுதட்டும்.
அது முறை. பின்னாளில் நீதிபதியாகவும்
அதையே செய்தார், இரண்டு வழக்கில்.
ஆனால் சிற்றப்பா பார்த்தது
தன்னைக் கண்டதும் எழுந்துபோன முதுகை.
சாகும்வரை பேசவில்லை.
"விலகல் என்ற சொல்லுக்கு
எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான், அம்மா."

அப்புறம் ஏழு ஊர், ஏழு கொடிக்கம்பம்.
'எங்கள் அரசு கவலையோடு கவனிக்கிறது'
என்ற ஒரே வாக்கியத்தை
உப்பில்லாத சூப்புக்கு முன்னால்
நாற்பது விதமாகச் சொல்லப் பழகினார்.
எதைக் கவனித்தோம் என்று
இப்போது நினைவில்லையாம்.

கதவு திறந்தது.
வௌவால் நாற்றம். ஒரு தகரப் பெட்டி.
எழுபத்துமூன்றாம் வருஷக் காலண்டரில்
யாரோ கிழிக்க மறந்த ஆவணி.

"உங்கள் ஆட்சேபம் ஏதும்?"
"கதிரேசன் சொல்லும் சட்டம் சரிதான்.
என்னை வைத்தே என்னை மடக்குகிறான்,
நல்ல வக்கீல்."
சொல்லிவிட்டுக் காவல்காரரிடம்
விளக்குமாறு கேட்டார், ஒரு பாய் கேட்டார்,
தண்ணீர் ஒரு குடம்.

என் படிவத்தில் ஒரு கட்டம்:
வசிப்போர் எண்ணிக்கை.
பேனாவை மேலே நிறுத்திக் காத்திருந்தேன்.
"மணி என்ன?"
"ஐந்தே முக்கால்."
"இன்று இரவு, ஒருவர்
என்று போடுங்கள்."
போட்டேன்.
குனிந்து பார்த்தார்.
"பெயரையும் எழுதுங்கள்."