எழுத்துக்கு ஐம்பது பைசா

ரூவி கடைத்தெருவில், மணிக்கூண்டுக்கு இரண்டு சந்து தள்ளி,
பித்தளையிலும் கண்ணாடியிலும் பெயர் வெட்டுகிற கடை.
கிரிக்கெட் கோப்பை, கதவுப் பலகை, பூனைக் கழுத்துக்கு வில்லை,
எதுவானாலும் எழுத்துக்கு ஐம்பது பைசா.
இடைவெளிக்குக் காசில்லை.

புதன்கிழமை விழாக்குழுச் செயலாளர் வந்தார்.
ஆசியச் சமூகத் தலைவர்களுக்குப் பதினொரு கேடயம்,
வியாழன் சாயங்காலம் வேண்டும் என்று தாளை நீட்டினார்.
மேலே பெயர், நடுவில் நாடு,
கீழே எல்லோருக்கும் ஒரே வாசகம்:
‘தன்னலமற்ற சேவைக்காக.’
விலையைக் குறைக்க முடியுமா என்றார்.
சேவையை எடுத்துவிட்டால் குறையும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

எர்லிண்டா மகாரயக், பிலிப்பைன்ஸ்.
வேலைக்கு வந்த வீடுகளில் அடைபட்ட பெண்களுக்காகப்
பதினாறு வருடமாய் அணையாத கைபேசி.
குளிக்கும்போதும் பாலிதீன் பையில் சுற்றிக்
குழாயடியில் வைத்திருப்பாராம்.

ஷஃபீகுர் மிருதா, வங்கதேசம்.
வாதி கபீர் சலூன்களில் தலைக்கு நூறு பைசா உண்டியலில் சேர்த்து
முகம் பார்த்திராத ஒருவனின் அபராதத்தைக் கட்டி
விமானம் ஏற்றிவிட்டவர்.

துர்கா தமாங், நேபாளம்.
இவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
பெயரைக் கொஞ்சம் பெரிதாக வெட்டினேன்,
தெரியாததற்கு அபராதமாக.

எட்டாவது பெயரில் இயந்திரத்தை நிறுத்தினேன்.
செபமாலை லெம்பேட், இலங்கை.
‘ர்’ விழுந்திருந்தது.

லெம்பேர்ட். மன்னார்க்காரர்.
என் கம்பெனி கதவடைத்த வருடம்
நாற்பத்து மூன்று பேருக்கு ஏழு மாதச் சம்பளம் பாக்கி.
தொழிலாளர் அலுவலகத்தில் என் மனுவை மட்டும் திருப்பினார்கள்.
கடவுச்சீட்டில் முத்துக்கருப்பன்.
அட்டையில் ஓர் எழுத்து குறைந்த வேறொருவன்.
இவன் அவனில்லை என்றார் கவுண்டர்க்காரர்.
நாலு ஞாயிற்றுக்கிழமை, தன் வேலைக்கு லீவு போட்டு,
என்னோடு வரிசையில் நின்றார் லெம்பேர்ட்.
ஐந்தாவது ஞாயிறு, கண்ணாடித் துளைக்குக் குனிந்து,
மன்னார் வாடையடிக்கும் அரபியில் சொன்னார்:
பெயர் இரண்டாக இருக்கட்டும் ஐயா, வயிறு ஒன்றுதான்.
பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தவர்
சிரித்து முடித்துப் பேனாவை எடுத்தார்.

செயலாளருக்குப் போன் போட்டேன்.
தாளில் இருப்பதைப் போடு, நேரமில்லை என்றார்.
நான் ‘ர்’ போட்டேன்.

வியாழன் இரவு, அல் குவைரில் ஒரு ஹோட்டல்.
சரக்கு வாசல் வழியே பெட்டிகளோடு போனவன்
தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.
எர்லிண்டா மேடையிலும் காதோடு போன் பிடித்தபடி
ஒற்றைக் கையால் கேடயம் வாங்கினார்.
எட்டாவது பெயருக்கு நாற்காலி காலி.
சுமாயில் பக்கம் ஒரு கேம்ப்பில் மூன்று நாளாய்த் தண்ணீர் இல்லையாம்,
ஆள் அங்கே நிற்கிறாராம்.

சனிக்கிழமை கடைக்கு வந்தார்.
கேடயத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.
‘லிஸ்டில என்ர பேர் பிழை.
இதில எப்பிடிச் சரியா வந்தது?’
நான் அரத்தூளை ஊதிக்கொண்டிருந்தேன்.
சட்டைப்பையைத் துழாவி
ஐம்பது பைசா நாணயம் ஒன்றை மேசையில் வைத்தார்.

வாங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன். கல்லா முதலாளியுடையது.
ரசீது வேண்டுமா என்றேன்.
‘வேணும்,’ என்றார்,
‘பேரைப் பாத்து எழுதும்.’